மகளுக்குப் போகும் தண்ணீர்

மேல்கணக்கில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியில் அற்புதமலர் கைகால் கழுவும் தண்ணீர், கல்லிடுக்கில் நழுவி ஓடையில் சேர்ந்து, தேயிலை மலைகளைச் சுற்றிக்கொண்டு இறங்கி, அரை மணி நேரத்தில் கீழ்க்கணக்கில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் போய் விழும். அந்தத் தொட்டியிலிருந்து நான்காவது வீடு அவள் மகள் நிலக்ஷனாவுடையது. மூன்று வருடங்களாக அம்மாவிடமிருந்து மகளுக்குப் போனது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். ஒரு சொல் போகவில்லை, அவள் அனுப்பி ஓர் ஆள் போகவில்லை, கிறிஸ்மஸுக்கு ஒரு துண்டு கேக் கூடப் போகவில்லை.

தோட்டத்தின் மேல் பாதியை மேல்கணக்கு என்றும் கீழ்ப் பாதியைக் கீழ்க்கணக்கு என்றும் சொல்வார்கள். பதுளையில் மடுல்சீமை பஸ் ஏறி, வளைந்து வளைந்து போய், தகரம் போட்ட தரிப்பிடத்தில் இறங்கினால் அது கீழ்க்கணக்கு. அங்கிருந்து அறுநூறு படி ஏறினால் மேல்கணக்கு. மலை உச்சிக் காட்டுக்குள் ஊற்று இருப்பதால் மேலே பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரி வரும். கீழே இருப்பவர்களுக்கு ஊற்றும் இல்லை, குழாயும் இல்லை. மேலே இருப்பவர்கள் விட்டதுதான் அவர்களுக்கு.

நிலக்ஷனா கட்டிக்கொண்ட ரஜீவ் கீழ்க்கணக்குப் பையன். மொனராகலைப் பக்கம் கரும்பு லொறி ஓட்டுகிறவன். கல்யாணம் கீழே மாரியம்மன் கோயிலில் நடந்தது. அற்புதமலரோ மேல்கணக்கில் இருக்கிற சின்னத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவள். செய்தி வந்த அன்று லயத்து வாசலில் பத்துப் பேர் பார்த்திருக்க, "இனி அவ இருக்கிற பக்கம் என் காலு எறங்காது" என்று சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்ன சொல். ஒரு வாரத்தில் கோபம் போய்விட்டது, சொல் போகவில்லை. பஸ்ஸுக்குக்கூட அவள் பங்களா ரோட்டைச் சுற்றிக்கொண்டு போய் வேறு தரிப்பில் ஏறத் தொடங்கினாள்.

அவள் புருஷன் ஞானசீலனுக்கு அப்படிச் சபதம் எதுவும் இல்லை. வெற்றிலை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அறுநூறு படியும் இறங்குவார். திரும்பி வந்ததும் அவள் எதுவும் கேட்கமாட்டாள். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அவரும் அடுப்பிடம் சொல்வதுபோல, "நல்லா இருக்கா" என்பார். அந்த இரண்டு வார்த்தையில் அவளுக்கு ஒரு வாரம் ஓடும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தவக்காலத்தில், கையில் மண்வெட்டியோடு தேயிலைக்குள் விழுந்தார் ஞானசீலன். பாரிசவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. அந்த இரண்டு வார்த்தையும் அதோடு நின்றுபோனது.

செப்டம்பர் மாதம் ஒருநாள் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து நிரையில் நின்ற ரெங்கம்மா பேச்சை ஆரம்பித்தாள். ரெங்கம்மா லயத்தில் அடுத்த வீட்டுக்காரி. வெள்ளிக்கிழமைதோறும் கீழே கோயிலுக்குப் போகிறவள்.

"மலரு, கேட்டா கேளு, கேக்காட்டி போ. ஒன் மக முழுகாம இருக்கா. ஆறு மாசம்."

அற்புதமலரின் கைகள் நிற்கவில்லை. இரண்டு இலையும் மொட்டும் அதுபாட்டுக்குக் கூடைக்குப் போய்க்கொண்டிருந்தன.

"போன வருசம் ஒன்னு தங்கல. அது ஒனக்குத் தெரியாது. இது தங்கணும்னு அந்தப் புள்ள நேராத சாமியில்ல. ஆனா பாரு, மழை பேஞ்சா கீழத் தொட்டியில தண்ணி பால் போடாத பிளேன்டி மாதிரி கெடக்கு. புல்லு மருந்து நாத்தம் வேற. குடிக்காதங்கிறாங்க மிட்வைஃப் மிஸ். வேற எதக் குடிக்கிறதுன்னு கேட்டா அவங்களுக்கும் தெரியல."

அன்று சாயந்தரம் பீலிக்குப் போன அற்புதமலர், கையிலிருந்த சவர்க்காரத்தைப் பார்த்தாள். நுரை விட்டால் அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். சவர்க்காரத்தைக் கல்லில் வைத்துவிட்டு வெறும் தண்ணீரில் முகம் கழுவினாள். மறுநாளிலிருந்து பீலியில் துணி துவைத்தவர்களோடு சண்டை பிடித்தாள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று லயமே சிரித்தது. ரெங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை.

சபதத்தை விட்டு மகளைப் பார்க்கப் போக அவளால் முடியவில்லை. மகளுக்குப் போகும் தண்ணீரையாவது சுத்தமாக அனுப்பலாம் அல்லவா? அந்த எண்ணம் ஒரு பிடிவாதமாக அவளுக்குள் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடையோரம் நடந்து பார்த்தாள். அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் எறிந்த பம்பர்சும் பிஸ்கட் உறையும் தயிர்க் கோப்பையும் மிதந்து வந்தன. உரம் போட்ட மலையிலிருந்து மண் கரைந்து வந்தது. மருந்துத் தொட்டி என்று ஒன்று மேட்டில் இருந்தது. புல்லுக்கு அடிக்கிற மருந்தை அங்கேதான் கலப்பார்கள், முதுகில் சுமந்து மருந்தடிக்கிற டாங்கிகளையும் அங்கேதான் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் வழிந்து கானுக்குள் இறங்கியது. மழைத் தண்ணீர் போவதற்காகத் தேயிலை மலையில் குறுக்கே வெட்டிய வாய்க்காலுக்குக் கான் என்று பெயர். எல்லாக் கானும் கடைசியில் ஓடையில்தான் போய் முடியும்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் பெண்களை உட்காரவைத்துப் பேசினாள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கீழே இருப்பதும் நம் சனம், நம் குப்பையை அவர்கள் குடிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள். யாருக்காகப் பேசுகிறாள் என்று அங்கிருந்த பதினேழு பேருக்கும் தெரியும். தெரியாததுபோல இருந்தார்கள். அதுவும் ஒரு மரியாதைதான்.

பெண்கள் கூட்டமாகத் தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் போனார்கள். அவர் நல்ல மாதிரியான இளைஞர், கதிரை போடச் சொன்னார். மருந்துத் தொட்டியை ஓடைக்குத் தள்ளி வேறு இடத்தில் கட்ட வேண்டும், கான்களைத் துப்புரவாக்க ஆண்களைப் போட வேண்டும் என்று கேட்டார்கள். தொட்டி விஷயத்தைக் கொழும்புக்கு எழுதுகிறேன் என்றார் அவர். கானுக்குப் போட ஆண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர்களையே திருப்பிக் கேட்டார். அது உண்மைதான். லயத்து ஆண்களில் பாதிப்பேர் கொழும்பில் கடைகளிலும் கட்டட வேலையிலும் இருந்தார்கள். கான் வேலை பார்த்த கோஷ்டி கலைந்து ஆறேழு வருடம் ஆகிவிட்டது.

"ஆம்பளைங்க இல்லாட்டி என்னா, மண்வெட்டி இருக்கில்ல" என்றாள் ரெங்கம்மா, திரும்பி வரும் வழியில்.

அப்படித்தான் எல்லோரும் கூலியில்லாமல் கூடிச் செய்யும் சிரமதானம் ஆரம்பமாயிற்று. நாலு ஞாயிறு. முதல் ஞாயிறு லயத்துக் குப்பையெல்லாம் பொறுக்கி, ஓடைக்கு எட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தார்கள். அடுத்த மூன்று ஞாயிறும் கான்கள்.

கொழுந்து பறிப்பது பெண்கள் வேலை, கான் வெட்டுவது ஆண்கள் வேலை. முப்பது வருடம் அந்தக் கான்களைத் தாண்டித் தாண்டிக் கொழுந்து பறித்தவர்களில் ஒருத்தியும் கானுக்குள் இறங்கி வேலை செய்தவள் கிடையாது. இறங்கிப் பார்த்தபோது கான் முழுக்கச் சேறும் புல்லுமாக இருந்தது. பத்தடிக்கு ஒருதரம் குறுக்கே ஒரு மண்மேடு, முழங்கால் உயரத்துக்கு, புல் படர்ந்து கிடந்தது. ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் கறுப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. மேலிருந்து சரிந்து விழுந்த மண் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

தேங்கிய தண்ணீரைக் கண்டால் அந்தப் பெண்களுக்குப் பயம். மீரியபெத்தவில் மலை இறங்கி லயங்களை மூடிய நாளை அவர்கள் மறக்கவில்லை. அற்புதமலரின் சித்தி குடும்பம் அங்கே மண்ணுக்குள் போனது. அதற்குப் பிறகு வந்த உத்தியோகத்தர்கள், மலையில் தண்ணீர் தேங்க விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். டெங்கு பார்க்க வருகிறவர்களும் தேங்கிய தண்ணீரைக் கண்டால்தான் சத்தம் போடுவார்கள். அதனால் பெண்கள் எந்த மேட்டையும் மிச்சம் வைக்கவில்லை. வெட்டி எடுத்தார்கள். அடியில் இருந்த சேற்றை வழித்துக் கான் ஓரத்திலேயே குவித்தார்கள். பண்டிகைக்கு வீடு கூட்டுவதுபோலக் கடைசிப் பிடி மண் வரை வழித்து, கானைச் சீமெந்துத் தரை மாதிரி ஆக்கினார்கள். அற்புதமலரின் கைகள் கொப்புளம் போட்டு உடைந்து, மறுபடி கொப்புளம் போட்டன. வேலை பார்க்க வந்த கணக்கப்பிள்ளை போனில் படம் எடுத்துக்கொண்டு, ஆண்கள்கூட இப்படிச் செய்ததில்லை என்று பாராட்டினார்.

இதே நாட்களில் வீட்டில் ஞானசீலன் பெரிய தொல்லையாகிவிட்டார்.

இரண்டாவது ஞாயிறு, சேறு அப்பிய மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு, கானில் கிடந்த மேடுகளை வெட்டி எறிந்ததை அவரிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அவர் முகம் கோணிக்கொண்டது. தொண்டையிலிருந்து மாடு கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. இடது கையால் அவள் சேலையைப் பிடித்து இழுத்தார். பசியோ என்று சோறு கொண்டுவந்தாள். தட்டிவிட்டார்.

மறுநாள் அவள் மலையிலிருந்து வரும்போது, வாசல் திண்ணையான ஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த அவர் எப்படியோ நகர்ந்து வந்து, லயத்து வாசல் வடிகாலில் விறகுக் கட்டை ஒன்றைக் குறுக்கே போட்டு, அதன்மேல் ஒரு பிடி மண்ணும் அப்பி வைத்திருந்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கி அடுத்த வீட்டு வாசலுக்கு ஏறியிருந்தது. அந்த வீட்டுக்காரி நின்று ஏசிக்கொண்டிருந்தாள். அற்புதமலர் கட்டையை எடுத்து எறிந்தாள். அடுத்த நாளும் கட்டை இருந்தது. அதற்கடுத்த நாள் இரண்டு கட்டைகள், பத்தடி இடைவெளியில். மண் தோண்டியதில் அவர் விரல் நகம் பெயர்ந்து இரத்தம் கட்டியிருந்தது.

"ஊரு வாசலயெல்லாம் நான் சுத்தம் பண்ணுறேன், என் வாசல நீங்க அடைச்சி வைங்க. வருத்தத்தோட வருத்தமா புத்தியும் போயிருச்சா ஒங்களுக்கு?"

அவர் வாயைத் திறந்தார். எச்சில்தான் வழிந்தது. கண்ணிலிருந்தும் தண்ணீர் வழிந்தது. அவள் துடைத்துவிட்டாள். அவருடைய முக்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் உள்ளே, ஜன்னல் இல்லாத சுவரைப் பார்த்துப் போட்டாள். அன்றிலிருந்து கட்டைகள் நின்றன.

ஒக்டோபர் நடுவில், நாலாவது ஞாயிறு முடிந்து மூன்றாம் நாள், பின்னேரக் கொழுந்து நிறுக்கிற நேரம் மழை கொட்டியது. பெண்கள் கூடையோடு மேட்டில் நின்று கான்களைப் பார்த்தார்கள். ஒரு துளி தேங்கவில்லை. இறக்கத்தில் பிரேக் விட்ட லொறி மாதிரித் தண்ணீர் ஓடியது. ரெங்கம்மா கை தட்டினாள். அற்புதமலர் நனைந்தபடி சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு மகளுக்கு ஏதோ கொடுத்துவிட்டதுபோல அவள் மனசு நிறைந்திருந்தது.

மறுநாள் விடிந்து பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது செய்தி ஏறி வந்தது. கீழ்த் தொட்டி முழுக்கச் சேறு. ஓடையில் நண்டும் மீனும் செத்து மிதக்கின்றன. வயிற்றோட்டத்தோடு பதினான்கு பேர் டிஸ்பென்சரியில். வாந்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்த நிலக்ஷனாவுக்கு வலி எடுத்து, த்ரீவீலரில் பதுளைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஏழாம் மாதம்.

அற்புதமலர் கூடையைக் கழற்றிப் போட்டாள். பங்களா ரோடு அவளுக்கு ஞாபகத்தில்கூட வரவில்லை. அறுநூறு படியையும் செருப்பில்லாமல் இறங்கி ஓடினாள்.

பதுளை ஆஸ்பத்திரியில், பிள்ளை பெறும் வார்டுக்கு வெளியே ரஜீவ் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"புள்ள பொறந்திருச்சி அத்தை. பொம்பளப் புள்ள. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க."

அத்தை என்ற சொல்லை அவள் அவன் வாயிலிருந்து கேட்பது அதுதான் முதல்தடவை.  அவன் கையிலிருந்த வெறும் போத்தலை வாங்கிக்கொண்டு போய்த் தண்ணீர் பிடித்து வந்து கொடுத்தாள்.

கட்டிலில் கிடந்த நிலக்ஷனா பாதியாக இருந்தாள். அம்மாவைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கையை மட்டும் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அற்புதமலர் அழுதாள். எவ்வளவு பாடுபட்டுக் கான் வெட்டினோம், எவ்வளவு சுத்தம் பண்ணினோம், அந்த மருந்துத் தொட்டியை மாற்றாத பாவிகளால் எல்லாம் வீணாய்ப் போயிற்று என்று மகளிடம் சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டாள். மகளும், "நீ என்னாம்மா செய்வ" என்றாள். தண்ணீரால்தான் இப்படி ஆயிற்றா என்று டொக்டரிடம் ரஜீவ் கேட்டிருந்தான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்று அவர் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து ரெங்கம்மா பார்த்துக்கொண்டிருந்த புருஷனைப் பார்க்க அற்புதமலர் மேலே வந்தபோது, லயத்து வாசலில் கீழ்க்கணக்குச் சனம் நின்றது. முன்னால் வீரசிங்கம். கீழ்க்கணக்குத் தலைவர், தொழிற்சங்கக்காரர். ஒரு காலத்தில் ஞானசீலனோடு ஒரே கோஷ்டியில் கான் வேலை பார்த்தவர். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"ஒங்க ஊட்டக் கூட்டி எங்க ஊட்டுல கொட்டிட்டியே தங்கச்சி" என்றார். "வா, காட்டுறேன்."

கானோரமாக அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஓரத்தில் அவர்கள் குவித்து வைத்த சேறு ஒரு பிடி இல்லை. மழை அத்தனையையும் வாரிக்கொண்டு போயிருந்தது. வருடக்கணக்கான உரமும் மருந்தும் ஊறிய சேறு. மருந்துத் தொட்டிக்குக் கீழே தண்ணீர் கானின் கரையை அறுத்து, தொட்டியின் மூலையையும் இடித்துத் தள்ளியிருந்தது. வீரசிங்கம் ஓர் இடத்தில் நின்று காலால் தரையைத் தட்டினார்.

"இங்க ஒரு கட்டு இருந்திச்சா? மண்மேடு மாதிரி?"

இருந்தது என்று தலையசைத்தாள்.

"அது சரிஞ்ச மண்ணு இல்ல. நாங்க வச்ச கட்டு. பத்தடிக்கு ஒன்னு. தண்ணி அதுல முட்டி நிக்கும். அழுக்கெல்லாம் அடியில தங்கிரும். தெளிஞ்ச தண்ணி மேலால வழிஞ்சி அடுத்த கட்டுக்குப் போகும். அப்பிடியே படிப்படியா எறங்கித்தான் எங்களுக்கு வரும். இந்த மலையில இருக்கிற கட்டெல்லாம் யாரு வச்சது தெரியுமா? ஒன் புருசனும் நானும்."

அற்புதமலருக்குக் காதில் வேறு எதுவும் விழவில்லை. வாசல் வடிகாலில் குறுக்கே கிடந்த விறகுக் கட்டையும் அதன்மேல் அப்பியிருந்த மண்ணும் கண் முன்னால் வந்தன. பத்தடி தள்ளி இன்னொன்று. பெயர்ந்த நகம். அவர் கத்திக் கத்திச் சொன்னதெல்லாம் இதுதான். அவள் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தாள்.

வீட்டுக்குள் ஓடினாள். ஞானசீலன் அதே முக்காலியில், அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் விழுந்து, செத்த வலது கையை எடுத்துத் தன் தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் கைக்கு அடிக்கவும் தெரியவில்லை, தடவவும் தெரியவில்லை. இடது கை மெல்ல வந்து அவள் தலையில் இருந்த சேற்றுத் துளியைக் கிள்ளி எடுத்தது.

மறுநாள் இரண்டு பேர் பிடித்து அவரை முக்காலியோடு கானோரம் கொண்டுபோய் வைத்தார்கள். அவர் இடது கையால் இடம் காட்ட, அற்புதமலரும் ரெங்கம்மாவும் கட்டு வைத்தார்கள். மண்ணை மிதித்து, புல் பற்றையை வெட்டி வந்து மேலே பதித்து, கல் கொடுத்து. சாயந்தரத்துக்குள் மூன்று கட்டு. எவ்வளவு காலத்தில் இறுகும் என்று அவள் கேட்டபோது, அவர் இரண்டு விரலை நீட்டி, பிறகு வானத்தைக் காட்டினார். இரண்டு மழைக்காலம். மழை இரண்டாம் நாளே வந்தது. மூன்றில் இரண்டு கட்டுகளைக் கொண்டுபோனது.

திரும்பவும் தொரையிடம் போனார்கள், இந்தத் தடவை கீழ்க்கணக்கும் சேர்ந்து. ஆண்களைப் போட்டு எல்லாக் கட்டுகளையும் மறுபடி வைக்க வேண்டும், மருந்துத் தொட்டியை மாற்ற வேண்டும். அவர் இந்தத் தடவையும் கதிரை போடச் சொன்னார். மலையில் தண்ணீரைத் தேக்கிக் கட்டு வைப்பதென்றால் மண்சரிவு பார்க்கிற அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வேண்டும், மழை விட்டபின்தான் அவர்கள் வந்து பார்ப்பார்கள் என்றார். தொட்டி பற்றி விசாரணை வந்ததாகவும், தோட்டத்துச் சனம் அனுமதியில்லாமல் கானைத் தோண்டியதால் நடந்த சேதம் என்று பதில் எழுதியிருப்பதாகவும் சொன்னார். கணக்கப்பிள்ளை எடுத்த படம் அதற்கு ஆதாரமாக இணைக்கப்பட்டிருந்தது. மண்வெட்டியோடு பதினேழு பெண்கள், நடுவில் சிரித்துக்கொண்டு அற்புதமலர்.

கொழுந்து மலையில் பெண்கள் அவளோடு முன்போலப் பேசினார்கள், ஆனால் அடுத்த ஞாயிறு மண்வெட்டிக்கு நாலு பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு ரெங்கம்மா மட்டும். யாரையும் குறை சொல்ல அவளுக்கு வாய் இல்லை. இடிந்த தொட்டி மூலைக்குத் தகரம் ஒன்றைச் சாத்தியிருந்தார்கள்.

பிள்ளை ஏழு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் வீட்டுக்கு வந்தது. ஒரு முழத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம், கொழுந்துக்கூடையின் மூலையில் வைக்கலாம் போல.

அதற்குள் கட்டுகளை வெட்டியதால்தான் சேறு வந்தது என்று நிலக்ஷனாவுக்குத் தெரிந்துபோயிருக்கும். தொட்டியடியில் பேசாத பேச்சா? அவள் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் நன்றாக இருக்கும் என்று அற்புதமலர் தினமும் காத்திருந்தாள்.

மேல் பீலியில் கண்ணாடி போன்ற தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, விடிவதற்கு முன் தலையில் வைத்து, அறுநூறு படி இறங்கி மகள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, பெரட்டுக்கு முன் திரும்பி ஏறுவாள். ஒரு நாளைக்கு ஒரு கேன். அதற்கு மேல் முழங்கால் விடவில்லை. வழியில் மற்ற வீட்டுப் பெண்கள் குடத்தோடு தொட்டியடியில் நின்று, அந்தக் கேனைப் பார்ப்பார்கள். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. அவள் தலையை நிமிர்த்தமாட்டாள். வீட்டில் ஞானசீலன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவள் ஈரத்தலையோடு வந்து அடுப்புப் பக்கம் திரும்பி நின்று, "நல்லா இருக்கா" என்பாள்.

ஒரு சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து அவள் கீழே போயிருந்தாள். காலையில் வைத்த கேனில் காய்ச்சிக் குடித்ததுபோகக் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைச் சுடவைத்து, மடியில் பிள்ளையைப் போட்டு உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள் நிலக்ஷனா. தலை பாதி நனைந்திருக்கும்போதே தண்ணீர் தீர்ந்துவிட்டது. வெளியே மேல்கணக்குப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன.

நிலக்ஷனா எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரை ஒரு சட்டியில் எடுத்து வந்து கீழே வைத்தாள். முந்தின மழையின் நிறம் அதில் இன்னும் இருந்தது.

"அம்மா, இதுல குளிப்பாட்டலாமா?"

அற்புதமலர் சட்டியைப் பார்த்தாள். கையை விட்டுப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"நான் போயி மேலருந்து கொண்டாறேன்."

"மழை வருதும்மா. இன்னைக்கிக் கொண்டாருவ. நாளைக்கிம் கொண்டாருவ." பிள்ளையை மார்போடு அணைத்துத் துணியால் சுற்றிக்கொண்டே மகள் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. "எத்தன நாளைக்கி?"

மழை வலுத்தது. லயத்துக்குப் பின்னால் ஓடை இரைய ஆரம்பித்தது. மேலே தன் கையால் வழித்துவிட்ட கான்களில் தண்ணீர் எப்படி இறங்கிக்கொண்டிருக்கும் என்று அற்புதமலருக்குக் கண்ணை மூடாமலே தெரிந்தது. பிள்ளை அழவில்லை. பாதி நனைந்த தலையோடு, அம்மம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அற்புதமலர் எழுந்தாள். வெறும் கேனை எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.